பரணில் இருந்த மூன்று நோட்டுகள்: பொங்கல் விடுமுறையில் வட சென்னை

முதல் நாள், போகி

விடிகாலை எழும்பூரில் இறங்கும்போதே கண் எரிந்தது. போகிப் புகை. ஆட்டோ யானைக்கவுனியைத் தாண்டிப் பழைய வண்ணாரப்பேட்டைக்குள் நுழையும் வரை எதிரில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. தெருமுனைகளில் பழைய பாய், உடைந்த முறம், தேய்ந்த துடைப்பம் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. சின்னப் பிள்ளைகள் போகி மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஊரே பழையதை எரிக்கும் இந்த நாளில், எங்கள் தாத்தா வீட்டில் மட்டும் பழையது ஒன்றைப் பரணிலிருந்து இறக்கி வெயிலில் வைப்பது வழக்கம். தகரப் பெட்டி, அதற்குள் பழைய வேட்டியில் சுற்றிய மூன்று நீள நோட்டுகள். தாத்தா 1941 டிசம்பரிலிருந்து 1943 நவம்பர் வரை எழுதியவை. அவர் இறந்தது 1978-ல். அதற்கப்புறம் இருபத்தாறு வருடம், ஒரு போகி தவறாமல், பாட்டி அவற்றை வெளியே எடுத்துத் தூசி தட்டி, பழைய வசம்பை எடுத்துவிட்டுப் புது வசம்பும் காய்ந்த வேப்பிலையும் வைத்து மூடுவார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டிக்குப் பிறகு அத்தை செய்கிறார். இந்த வருடம் நானும் கூட இருக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்.

"புகை அடங்கட்டும்மா, அப்புறம் தொறக்கலாம்" என்றார் அத்தை. பத்து மணிக்குத்தான் மொட்டை மாடியில் வெயில் விழுந்தது. ஓலைப்பாய் விரித்து, மேலே வெள்ளைத் துணி போட்டு, நோட்டுகளை வைத்தோம். நேர் வெயில் படக்கூடாது, காகிதம் நொறுங்கும் என்று நான் சொன்னதால், கொடியில் ஒரு புடவையைப் போட்டு நிழல் கட்டினோம். இந்த ஏரியாவில் காகிதத்துக்குக் கடல் காற்றும் ஈரமும்தான் முதல் எதிரி. பூச்சியெல்லாம் அடுத்துத்தான். சித்தப்பா போன வருடம் எல்லாப் பக்கங்களையும் லேமினேஷன் செய்துவிடலாம் என்றார். வேண்டாம் என்று கெஞ்சித் தடுத்தேன். பிளாஸ்டிக்குக்குள் சூட்டில் ஒட்டிய காகிதத்தை மறுபடி பிரிக்கவே முடியாது.

தாத்தா எல்.எம்.பி. (அந்தக் கால மருத்துவ டிப்ளமோ) டாக்டர். ராயபுரம் மெடிக்கல் ஸ்கூலில் படித்தவர். பிற்பாடு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது அதுதான். இதே தெருவில், திண்ணையை மறைத்துக் கட்டிய ஒற்றை அறையில் டிஸ்பென்சரி வைத்திருந்தார். ஒரு கம்பவுண்டர், இரண்டு பெஞ்சு. மருந்துக் கலவையைச் சீசாவில் ஊற்றி, பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒட்டிக் கொடுப்பார்களாம், ஒரு பல்லுக்கு ஒரு வேளை மருந்து. அத்தைக்குச் சின்ன வயதில் அந்தப் பட்டையை வெட்டுவதுதான் வேலை. எப்படி வெட்டுவது என்று இன்று செய்தித்தாளை மடித்துக் காட்டினார். எழுபத்தாறு வயதில் கை அப்படியே நினைவு வைத்திருக்கிறது.

முதல் நோட்டு ரங்கூனில் தொடங்குகிறது. 1941 டிசம்பர் 23-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. அந்த ஊரில் அப்போது பாதிப் பேர் இந்தியர்கள். எங்கள் தெருவிலிருந்தும் அண்ணனோ தம்பியோ அங்கே போகாத வீடு குறைவு. செய்தி வந்த அன்று தாத்தா எழுதியது: "இன்று பெஞ்சு நிறைய ஆட்கள். நோய் யாருக்கும் இல்லை. பேப்பர் படித்துச் சொல்லச் சொல்கிறார்கள்."

இந்த நோட்டுகளை வெளியே கொடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் இரண்டு வருடமாகப் பேச்சு. சித்தப்பா தட்டச்சு செய்து எல்லோருக்கும் கொடுக்கலாம் என்கிறார். அத்தை சம்மதிக்கவில்லை. தாத்தா ஒவ்வொரு நோயாளியின் பெயரையும், வீட்டையும், நோயையும் எழுதியிருக்கிறார். "அடுத்த தெரு ஆளுக்கு இன்ன வியாதின்னு நாம ஏம்மா ஊருக்குச் சொல்லணும்? அந்தப் பேரப் புள்ளைங்கல்லாம் இங்கதான் இருக்குது." அத்தை சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. எதை மறைப்பது, எதைத் தருவது என்பதை நோட்டில் உள்ள இடங்களுக்குப் போய் நின்று முடிவு செய்யலாம் என்றேன். அதற்குத்தான் இந்த நான்கு நாள்.

இன்னொன்று. சில பெயர்களுக்கு ஓரத்தில் "மூ.கொ." என்று சின்னதாக எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். மருந்தின் பெயரா, ஆளின் பெயரா, அத்தைக்கும் தெரியவில்லை.

இரண்டாம் நாள், பொங்கல்

பானை பொங்கி, குலவையிட்டு, சாப்பிட்டு முடிக்கவே மதியம். வெயில் தாழ நானும் அத்தானும் நடக்கக் கிளம்பினோம். அத்தான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். பையில் முதல் நோட்டின் ஜெராக்ஸ் மட்டும். அசலை வெளியே எடுத்துப் போக அத்தை விடவில்லை.

பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி. இங்கே வயதானவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். 1780-களில் பஞ்சம் வந்தபோது மணியக்காரர் சத்திரத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றியதிலிருந்து வந்த பெயர். கஞ்சி ஊற்றிய இடத்தில் மருந்து கொடுக்கத் தொடங்கி, அது ஆஸ்பத்திரியாகி, பள்ளிக்கூடமாகி, கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைப் பெற்று, 1938-ல் கல்லூரியானது. இதில் எனக்குப் பிடித்தது முதல் படிதான். இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியும் ஜனங்கள் கவர்னரை விட்டுவிட்டுக் கஞ்சியை நினைவு வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து ராயபுரம் ரயில் நிலையம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. உயரமான தூண்களும் அகலமான தாழ்வாரமுமாகக் கட்டடம் நிற்கிறது. பொங்கல் நாள் என்பதால் ஆள் இல்லை. ஒரு தூணடியில் உட்கார்ந்து 1942 ஏப்ரல் பக்கங்களைச் சத்தமாகப் படித்தேன்.

அந்த ஏப்ரலைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் 'எவாக்குவேஷன்' என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவார்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. அடுத்தது சென்னைதான் என்று எல்லோருக்கும் பயம். அவசிய வேலை இல்லாதவர்கள் நகரை விட்டுப் போகலாம் என்று அரசாங்கமே சொன்னது. அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாறின. ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

தாத்தாவின் நோட்டில் இவ்வளவு பெரிய விஷயங்கள் இல்லை. அவர் எண்ணியது கதவுகளை. எந்தத் தெருவில் எத்தனை வீடு பூட்டியிருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் எழுதுகிறார். வக்கீல் வீடு, மண்டிக்காரர் வீடு, வட்டிக்கடைக்காரர் வீடு பூட்டு. கிராமத்தில் நிலமோ உறவோ இருந்தவர்கள் போனார்கள். அப்புறம் பூட்டாத கதவுகளின் பட்டியல். மூட்டை தூக்குகிறவர், கட்டுமரக்காரர், வெளுக்கிறவர், மாவு மில்லில் வேலை செய்கிறவர். "போக இடம் உள்ளவன் போகிறான். இவர்கள் என்னிடம் 'நீங்க எப்போ டாக்டர்?' என்று கேட்கிறார்கள். பதில் சொல்லாமல் நாக்கை நீட்டச் சொன்னேன்" என்று ஏப்ரல் 11-ல் எழுதியிருக்கிறார்.

தாத்தாவுக்குப் போக இடம் இருந்தது. பாட்டியின் ஊர் செங்கல்பட்டுப் பக்கம், அங்கே வீடு உண்டு. போகவில்லை. ஏன் போகவில்லை என்று எங்கேயும் எழுதவில்லை. பாட்டியை அனுப்பி வைத்ததாக எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அதைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

அத்தான் என்னை விடப் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும், "பூட்டாத கதவு லிஸ்ட்டை அப்படியே கொடுத்துடலாம்மா. அதுல நோய் இல்ல, பேர் மட்டும்தான். அவங்க பேரனுக்குப் பெருமையாத்தான் இருக்கும்" என்றார். முதல் முடிவு இது.

மூன்றாம் நாள், மாட்டுப் பொங்கல்

வியாசர்பாடிக்குப் போகும் வழியில் ஆட்டோ மூலக்கொத்தளம் இடுகாட்டைத் தாண்டியது. 1939-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர்விட்ட நடராசன், தாளமுத்து இருவரின் நினைவிடம் இங்கேதான். அத்தான் அதைக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சட்டென்று புரிந்தது. மூலக்கொத்தளம். மூ.கொ.

மடியில் இருந்த ஜெராக்ஸைப் புரட்டினேன். 1942 மே, ஜூன் மாதங்களில் பதினேழு இடத்தில் 'மூ.கொ.' அதில் ஆறு குழந்தைகள். இறந்தார் என்ற சொல்லைத் தாத்தா எங்கேயும் எழுதவில்லை. ஆட்டோ பேசின் பாலத்தைத் தாண்டும் வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை.

வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் நிறைய. பெரும்பாலோர் 1960-களில், அங்கே ராணுவ ஆட்சி வந்து கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்ட பிறகு, கப்பலில் திரும்பியவர்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்தது 1969-ல், இவர்கள் பிழைப்புக்காகத்தான். ஆனால் அதற்கு முன்னால் 1942-லேயே ஒரு வருகை உண்டு. ரங்கூன் மார்ச் மாதம் விழுந்தது. அதற்கு முன் கப்பல் கிடைத்தவர்கள் தப்பித்தார்கள். கிடைக்காதவர்கள் நடந்தார்கள், அரக்கான் மலையைத் தாண்டிச் சிட்டகாங்குக்கும், தமு வழியாக மணிப்பூருக்கும். கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் வெளியேறினார்கள். வழியில் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் இறந்தவர்கள் பல பத்தாயிரம். பிழைத்த தமிழர்கள் கல்கத்தா வந்து, ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கினார்கள். அவர்களில் கொஞ்சம் பேர்தான் தாத்தாவின் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

சாலையோரம் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடை ஒன்று திறந்திருந்தது. திருவள்ளுவர் தினம் என்பதால் கறிக்கடைகளுக்கு லீவு. ஆனாலும் முட்டையை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு எண்பது இருக்கும். பேச்சுக் கொடுத்தோம். அவர் அப்பா 1942-ல் நடந்தே வந்தவராம், சண்டை முடிந்ததும் மறுபடி பர்மாவுக்கே திரும்பிப் போய்க் கடை வைத்து, 1960-களில் இரண்டாம் தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். "எங்கப்பா ரெண்டு வாட்டி அகதிம்மா" என்றார்.

அவருக்கு ஜூன் மாதப் பக்கங்களைப் படித்துக் காட்டினேன். பெயர்களை விட்டுவிட்டுத்தான். நடந்து வந்த ஒருவரின் பாதத்தைத் தாத்தா அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அந்த ஆள் காலில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். சாக்குநார் புண்ணுக்குள் போய் அதன் மேலேயே தோல் மூடியிருக்கிறது. வெந்நீரில் ஊறவைத்து ஒவ்வொரு நாராக எடுக்க மூன்று நாள். நார்களைத் தாத்தா ஒரு பீங்கான் தட்டில் போட்டு எண்ணியிருக்கிறார், நாற்பத்தொன்று. பெரியவர் கேட்டுக்கொண்டே தன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கட்டைவிரலைத் தடவினார். "எங்கப்பாவும் சாக்குதான் கட்டிக்கினு வந்தாரு. அதைச் சொல்லுவாரு. வேற ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

மலேரியா வந்தவர்களுக்குக் கொயினா (குவினைன்) மருந்து இல்லாத தவிப்பும் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. உலகத்துக்கே கொயினா பெரும்பாலும் ஜாவாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பான் வசம் போனதும் வரத்து நின்றுவிட்டது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் நம் அரசாங்கத்தின் சின்கோனா தோட்டங்கள் இருந்தன, கொயினா எடுப்பது அந்த மரப்பட்டையிலிருந்துதான். அந்த விளைச்சலில் ராணுவத்துக்குத்தான் முதல் பங்கு. கையிருப்பைத் தாத்தா கிரெயின் என்ற பழைய எடைக் கணக்கில் நாள்தோறும் எழுதுகிறார். ஒரு நாள் யாருக்குக் கொடுப்பது என்று இரண்டு பெயரை எழுதி, ஒன்றை அடித்து, மறுபடி அதையே எழுதியிருக்கிறார். அடுத்த பக்கம் வெறுமை.

அந்த இரண்டு பெயரும் வெளியே போகாது. இரவு அத்தையிடம் சொன்னேன். நோயாளி பெயர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, நோயையும் தெருவையும் மட்டும் விடலாம் என்றார். 'மூ.கொ.' என்றால் என்ன என்றும் சொன்னேன். அத்தை உள்ளே போய்ச் சாமி விளக்கில் எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தார்.

நான்காம் நாள், காணும் பொங்கல்

காலையில் உயர் நீதிமன்றச் சுவரில் எம்டன் கல்வெட்டைப் பார்த்தோம். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு வந்து நூற்றுக்கும் மேல் குண்டு சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்ததன் நினைவு. கெட்டிக்காரனை "அவன் எம்டன்" என்று சொல்வது அதிலிருந்துதான். 1942-ல் ஊர் அத்தனை வேகமாகக் காலியானதற்கு அந்தப் பழைய பயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1914-ல் சின்னப் பிள்ளைகளாக ஓடியவர்கள் பலரும் 1942-ல்தான் நாற்பது வயதைத் தொட்டிருப்பார்கள்.

காசிமேட்டில் கூட்டம் தாங்கவில்லை. தாத்தாவுக்கு இங்கிருந்து ஃபீஸ் மீனாக வரும். நோட்டின் வரவுப் பக்கத்தில் அணாவுக்குப் பக்கத்திலேயே "சங்கரா 2", "நெத்திலி ஒரு கூடை" என்று இருக்கிறது. அதிக நேரம் நிற்கவில்லை. மனம் வீட்டில், மூன்றாம் நோட்டில் இருந்தது.

மூன்றாம் நோட்டின் நடுவில் பதினொரு பக்கம் படிக்க முடியாது. எல்லாம் ஊதாவாகப் படர்ந்து கிடக்கிறது. 1943 அக்டோபர். அந்த மாதம் சென்னையில் பெரு வெள்ளம், கூவம் கரை உடைத்துக்கொண்டது. அதே மாதம்தான் மழைக்கு நடுவே ஒரு தனி ஜப்பானிய விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. குண்டைப் பற்றி நோட்டில் ஒன்றரை வரி. வெள்ளத்தைப் பற்றி எழுதியதெல்லாம் ஊதாவுக்குள் போய்விட்டது.

வெள்ளம் வடிந்தால் காலரா வரும். கிணறுகளில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்து ஊற்றுவது அந்தக் கால வழக்கம். அந்த மருந்துதான் நோட்டில் கொட்டிவிட்டது என்று நாங்கள் இவ்வளவு காலம் நம்பிக்கொண்டிருந்தோம். அத்தான் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பெர்மாங்கனேட் பட்டால் காகிதம் சில நாளில் பழுப்பாகிவிடும், எண்பது வருடம் ஊதாவாக நிற்காது. இது மைப்பென்சில். சாதாரணப் பென்சில் போலத்தான் எழுதும், ஈரம் பட்டால் ஊதா மையாகக் கரையும். மழையில் பேனா எடுத்துப் போக முடியாமல் தாத்தா அதில் எழுதியிருக்கிறார், பக்கம் நனைந்திருக்கிறது.

பென்சில் என்றால் அழுத்தம் இருக்குமே! அறை விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து, பக்கத்தின் ஓரத்திலிருந்து வெளிச்சம் விட்டோம். ஊதாவுக்கு நடுவே எழுத்துகள் பள்ளமாக, நிழலாக எழுந்தன. எல்லாம் இல்லை, வரிக்கு நாலைந்து சொல். அத்தான் டார்ச்சைப் பிடிக்க, நான் படிக்க, அத்தை என் பக்கத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரி ஒன்பது மணிக்குத் தொடங்கியது.

கிணறுகள். எந்தச் சந்தில் எந்தக் கிணறு, எத்தனை வாளி ஊற்றினார். இடுப்பளவு தண்ணீர் என்று இரண்டு இடத்தில். கம்பவுண்டருக்குக் காய்ச்சல், வரவில்லை. ஐந்தாவது பக்கத்தின் அடியில், தமிழில், மற்ற எழுத்தை விடச் சற்றுப் பெரிதாக:

"இன்றும் அவளே லாந்தர் பிடித்து வந்தாள். கிணறு ஒன்பது. வேண்டாம் என்றால் கேட்பதில்லை."

அத்தை முதலில் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். அப்புறம் தன் விரலை அந்த வரியின் மேல் வைத்து, எழுத்தின் பள்ளத்தை மெல்லத் தடவிப் பார்த்தார். "இருபத்தாறு வருஷம் வெயில்ல வச்சு எடுத்தாங்களே" என்றார். "இதுல தான் இருக்கறது அம்மாவுக்குத் தெரியாதும்மா."

செங்கல்பட்டுக்குப் போனதாகச் சொன்னார்களே என்று கேட்டேன். அத்தை தலையை அசைத்தார். யார் சொன்னது என்று அவருக்கும் நினைவில்லை.

இன்னும் ஆறு பக்கம் இருந்தன. மொபைலில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அத்தான் எழுந்து டார்ச் லைட் தேடப் போனார். அத்தை என் கையிலிருந்த நோட்டை வாங்கி, பக்கம் மூடிவிடாமல் விரலை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.